அதிர்ஷ்ட ஐட்டங்களுக்கு ஏன் தடை? போக்கிமான் ஆட வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் (ஆந்திரச் சித்தூர் அல்ல, குழம்பிப்போய் ரயில் ஏறிவிடாதீர்கள்) கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வருபவர்களும் சேர்ந்து விடுமுறை நாட்களில் போக்கிமான் ஆடுகிறோம். ஆடுவது போக்கிமான் ஷோடவுன் என்ற இணையத் தளத்தில், ஆளுக்கு ஆறு போக்கிமான், சிங்கிள்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒன்றுக்கு ஒன்று. விதிகள், ஆட்டக்காரர்களே விதி எழுதும் ஸ்மோகன் தளத்தின் ஓயூ என்ற முக்கியப் பிரிவை ஒட்டியவை. கூடவே நாங்கள் சேர்த்த ஒன்றிரண்டும் உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்கள் "அதிர்ஷ்ட ஐட்டங்கள் கூடாது" என்ற வரிக்கு வந்ததும் மல்லுக்கு நிற்கிறார்கள். ஆட்டத்துக்கு நடுவே பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எல்லாம் இங்கே இருக்கிறது, படித்துவிட்டு வாருங்கள்.

எந்தெந்த ஐட்டங்களுக்குத் தடை?

ஐட்டம் என்பது போக்கிமான் கையில் வைத்திருக்கும் பொருள், ஒன்றுக்கு ஒன்று. தடையில் இருப்பவை: பிரைட் பவுடர், லாக்ஸ் இன்சென்ஸ், கிங்ஸ் ராக், ரேசர் ஃபேங், குவிக் கிளா, ஃபோக்கஸ் பேண்ட்.

முதல் இரண்டும் எதிராளியின் அடி தவறும் வாய்ப்பைக் கூட்டுபவை. அடுத்த இரண்டும் அடி வாங்கிய போக்கிமானை 10 சதவீத வாய்ப்பில் மிரள வைப்பவை, அதாவது ஃபிளிஞ்ச். மிரண்ட போக்கிமான் அந்த டர்னில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். குவிக் கிளா 20 சதவீத வாய்ப்பில் மெதுவான போக்கிமானை முந்தி அடிக்க விடும். ஃபோக்கஸ் பேண்ட், செத்திருக்க வேண்டிய அடியில் 10 சதவீத வாய்ப்பில் 1 ஹெச்பியோடு (உயிர்ப் புள்ளி) நிற்க வைக்கும். கடைசி இரண்டையும் பட்டியலில் எழுதியது நாங்களே. அதற்குக் காரணம் கீழே வருகிறது.

ஏட்டா, போக்கிமானே அதிர்ஷ்ட ஆட்டந்தானே? ஐட்டத்தை மட்டும் தடுத்து என்ன ஆகப்போகுது?

அதிகம் பேர் கேட்பது இதுதான். கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வோர் அடியின் பலமும் 85 முதல் 100 சதவீதம் வரை 16 படிகளில் ஏதோ ஒன்றில் விழுகிறது. 24-இல் ஒரு வாய்ப்பில் கிரிட்டிகல் அடி விழுந்து பலம் ஒன்றரை மடங்காகிறது. பாரலைஸ் ஆன போக்கிமான் நாலு டர்னுக்கு ஒரு டர்ன் அசையாமல் போகலாம். முதல் தலைமுறை ஆட்டங்களில் (போக்கிமான் விளையாட்டுகளை வெளியான வரிசைப்படி தலைமுறை என்று எண்ணுவார்கள்) 100 சதவீதம் பட வேண்டிய மூவ்களே, அதாவது தாக்குதல்களே, 256-இல் ஒரு தடவை தவறும், அது நிரலில் இருந்த பிழை. இத்தனையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது போக்கிமான் அல்ல. அதிர்ஷ்டமே வேண்டாம் என்றால் சதுரங்கம் ஆடலாம், இங்கே வர வேண்டியதில்லை.

நாங்கள் பார்ப்பது அதிர்ஷ்டம் இருக்கிறதா இல்லையா என்பதை அல்ல. அந்த அதிர்ஷ்டத்தின் ஆபத்து யார் தலையில் விழுகிறது, எதிரே இருப்பவருக்கு அதற்கு ஒரு வழி உண்டா, இவ்வளவுதான்.

ஃபோக்கஸ் பிளாஸ்ட் என்ற மூவை எடுத்துக்கொள்ளுங்கள். பலம் 120, படும் வாய்ப்பு 70 சதவீதம். அதே ஃபைட்டிங் வகையில் ஆரா ஸ்பியர் இருக்கிறது: பலம் 80, தவறவே தவறாது. இரண்டையும் கற்கக்கூடிய போக்கிமானுக்கு எதைக் கொடுப்பது என்பது டீம் கட்டுகிறவரின் முடிவு. பலத்துக்கு ஆசைப்பட்டு 70-ஐ எடுத்தால், தவறும்போது அடிபடுவதும் அவர்தான். எதிரே இருப்பவரும் "இவன் கையில் ஃபோக்கஸ் பிளாஸ்ட் இருக்கு, பத்துக்கு மூணு தடவை தவறும்" என்று கணக்குப் போட்டு, தங்குவதா மாற்றுவதா என்று யோசிக்கலாம். அங்கே அதிர்ஷ்டம் ஆட்டத்துக்குள் இருக்கிறது. இரண்டு பேரும் அதை வைத்து முடிவெடுக்கிறார்கள்.

பிரைட் பவுடர் அப்படி இல்லை. நீங்கள் நிதானமாக யோசித்து, தவறாது என்று நம்பி எர்த்க்வேக் போடுகிறீர்கள். 100 இருந்த இடத்தில் இப்போது 90. அந்தப் பத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டவர் எதையும் பணயம் வைக்கவில்லை, எந்த டர்னிலும் எதையும் தேர்வு செய்யவில்லை, பட்டனைக்கூட அழுத்தவில்லை. அடி தவறும்போது "பிரைட் பவுடரால் தப்பியது" என்று திரையில் ஒரு வரி வந்தாலாவது தேவலை, அதுவும் வராது.

"நாக் ஆஃப் மூவைப் போட்டு ஐட்டத்தைத் தட்டிவிடலாமே" என்பார்கள். தட்டலாம். ஆனால் பிரைட் பவுடருக்கு எதிரே நாக் ஆஃபும் 90 சதவீதம்தான் படும்.

பத்து சதவீதம்தானே? அதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

தனியாகப் பார்த்தால் பிரைட் பவுடர் ஒரு சோப்ளாங்கி ஐட்டம். ஒவ்வொரு டர்னும் பதினாறில் ஒரு பங்கு ஹெச்பி திருப்பித் தரும் லெஃப்ட்ஓவர்ஸை வைத்தாலே பத்து ஆட்டத்தில் எட்டில் கூடுதல் பயன் கிடைக்கும். தடைப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் இப்படிப் பலம் குறைந்தவைதான். பலசாலி என்பதற்காகத் தடுக்கவில்லை.

சிக்கல் வருவது ஒன்றோடு ஒன்று சேரும்போது. பழைய தலைமுறைகளில் பேர் போன உதாரணம் கார்சாம்ப் என்ற போக்கிமான். மணற்புயல் அடிக்கும்போது, அதற்கு இயல்பாகவே உள்ள சாண்ட் வெய்ல் திறன் எதிராளியின் குறியை 80 சதவீதமாக்கும். மேலே பிரைட் பவுடரும் இருந்தால் 72. இப்போது கார்சாம்ப் கால் பங்கு ஹெச்பியைக் கொடுத்து சப்ஸ்டிட்யூட் பொம்மையை நிறுத்துகிறது. நீங்கள் உடைக்கிறீர்கள். மறுபடி நிறுத்துகிறது. மறுபடி உடைக்கிறீர்கள். மூன்று தடவைக்குள் ஒரு தடவையாவது உங்கள் அடி தவறும் வாய்ப்பு ஏறக்குறைய 63 சதவீதம். ஒரு தடவை தவறினால் போதும்: பொம்மை உடையாமல் நிற்கும், அதன் பின்னால் கார்சாம்ப் சொகுசாக வாள் நடனம் ஆடித் தாக்குபலத்தை இரட்டிப்பாக்கிவிட்டு உங்கள் டீமை வரிசையாகப் படுக்க வைக்கும். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஐந்தாம் தலைமுறையில் ஸ்மோகன்காரர்கள் கார்சாம்ப்பையே ஓயூவிலிருந்து தூக்கி, மிதமிஞ்சிய பலசாலிகளுக்கான உபர்ஸ் பிரிவில் வைத்திருந்தார்கள். பிறகு அதற்கு ரஃப் ஸ்கின் என்ற வேறு திறன் கிடைத்ததும் போக்கிமானை உள்ளே விட்டுவிட்டு சாண்ட் வெய்லை வெளியே நிறுத்தினார்கள். எனக்குப் பிடித்த தீர்ப்புகளில் அது ஒன்று. குற்றவாளி யார் என்று சரியாகக் கண்டுபிடித்தார்கள்.

கிங்ஸ் ராக்கும் 10 சதவீதம்தானே?

ஒரே அடிக்கு 10. கிளாய்ஸ்டர் என்ற போக்கிமான் ஒரே டர்னில் ஐந்து அடி அடிக்கும்.

ஸ்கில் லிங்க் திறன் இருக்கும் கிளாய்ஸ்டர் ஐசிக்கிள் ஸ்பியர் போட்டால் ஐந்து முறையும் குத்தும். ஒவ்வொரு குத்துக்கும் தனித்தனியாகப் பத்து சதவீதம். ஐந்திலும் மிரளாமல் தப்பிக்கும் வாய்ப்பு 0.9-ஐ ஐந்து தடவை பெருக்கினால் வருவது, அதாவது 59 சதவீதம். மிச்சம் 41 சதவீதம் ஃபிளிஞ்ச். பத்து என்று எழுதியிருந்த ஐட்டம் நாற்பத்தொன்று ஆகிவிட்டது.

இதை ஆட்டத்தில் வைத்துப் பாருங்கள். கிளாய்ஸ்டர் வந்ததும் ஷெல் ஸ்மாஷ் போடுகிறது. தாக்குபலமும் வேகமும் இரட்டிப்பு. நீங்கள் பதறவில்லை, ஏனென்றால் டோன்டோசோ என்ற போக்கிமானை இதற்கென்றே கொண்டுவந்திருக்கிறீர்கள். டோன்டோசோவின் அன்அவேர் திறன் எதிராளி ஏற்றிக்கொண்ட பலத்தைச் சட்டை செய்யாது. நீர் வகை என்பதால் பனி அடியும் பாதிதான். வீட்டில் உட்கார்ந்து டீம் கட்டும்போதே கிளாய்ஸ்டரை யோசித்து வைத்த ஆள் நீங்கள். இறக்குகிறீர்கள். ஐந்து குத்து. மிரண்டது. அடுத்த டர்ன் ஐந்து குத்து. மறுபடி மிரண்டது. இப்படி இரண்டு டர்ன் தொடர்ந்து நடக்கும் வாய்ப்பு 17 சதவீதம், அதாவது ஆறு ஆட்டத்துக்கு ஒன்று. கேள்விக்குச் சரியான பதிலைக் கொண்டுவந்தவருக்கே ஆறில் ஒரு தடவை வாயைத் திறக்க விடாமல் செய்கிற ஐட்டம் இது. எட்டாம் தலைமுறை ஓயூவிலும் ஒன்பதாம் தலைமுறை ஓயூவிலும் இது தடைப் பட்டியலுக்குப் போனதில் எனக்கு வியப்பில்லை. ரேசர் ஃபேங் செய்வதும் இதே வேலை. ஒன்றைத் தடுத்து மற்றதை விட்டால் கிளாய்ஸ்டர் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்து நிற்கும்.

அப்படின்னா ஜிராச்சிங்கிற போக்கிமான்? அதோட அயர்ன் ஹெட் 60 சதவீதம் மிரள வைக்குமே!

வைக்கும். அயர்ன் ஹெட்டின் 30 சதவீதத்தை செரீன் கிரேஸ் திறன் இரட்டிப்பாக்குகிறது. நாலாம் தலைமுறை ஆடியவர்களிடம் ஜிராச்சி என்று சொல்லிப் பாருங்கள், முகம் கோணும். எனக்கும் அதைக் கண்டால் ஆகாது.

ஆனாலும் விட்டிருக்கிறோம். ஜிராச்சி டீமில் இருப்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தெரிகிறது. ஷோடவுனில் ஒன்பதாம் தலைமுறை ஆடும்போது இரண்டு பேருடைய ஆறும் முதலில் கண்ணில் படும். அதைவிட வேகமான ஒன்றை இறக்கினால் ஃபிளிஞ்ச் வேலை செய்யாது, ஏனென்றால் முந்தி அடித்தால்தான் மிரட்ட முடியும். இன்னர் ஃபோக்கஸ் திறன் உள்ளவை மிரளாது. ஸ்டீல் வகையை இறக்கினால் அயர்ன் ஹெட் பாதிதான் ஏறும். வழிகள் இருக்கின்றன, வலிக்கும் என்பது வேறு விஷயம். ஜிராச்சி ஆறில் ஓர் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. கிங்ஸ் ராக் எந்தப் போக்கிமான் கையிலும் தெரியாமல் ஒளிந்திருக்கும்.

இந்தக் கோடு துல்லியமானது என்று சத்தியம் செய்ய மாட்டேன். எங்காவது கோடு போட்டாக வேண்டும், இங்கே போட்டிருக்கிறோம்.

குவிக் கிளாவை ஏன் சேர்த்தீர்கள்? நிறைய இடங்களில் விடுகிறார்களே?

இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. விடலாம் என்பவர்கள் சொல்வது: மெதுவான போக்கிமான்தான் இதை வைக்கும், வேலை செய்யும்போது திரையில் அறிவிப்பும் வரும், லெஃப்ட்ஓவர்ஸை விட்டுக்கொடுத்துத்தானே வைக்கிறார்கள்.

நான் தடுக்கும் கட்சி. சிங்கிள்ஸில் யார் வேகம் என்பதுதான் எல்லா முடிவுக்கும் அடித்தளம். "இவனைவிட நான் வேகம், ஒரு அடியில் சாய்த்துவிடுவேன்" என்று தெரிந்துதான் ஆபத்தான இடத்தில் தங்குகிறோம். ஐந்து டர்ன் நீடிக்கும் போக்கிமானிடம் குவிக் கிளா இருந்தால் ஒரு தடவையாவது அது முந்தும் வாய்ப்பு 67 சதவீதம். எந்த டர்னில் என்று வைத்திருப்பவருக்கும் தெரியாது, எதிரே இருப்பவருக்கும் தெரியாது. இரண்டு பேருக்குமே தெரியாத ஒன்றை வைத்து யார் திறமைசாலி என்று எப்படிச் சொல்வது? கை தூக்கிக் கேட்டோம், தடை ஜெயித்தது.

ஃபோக்கஸ் பேண்ட், ஃபோக்கஸ் சாஷ், ஸ்கோப் லென்ஸ், வைட் லென்ஸ்?

ஃபோக்கஸ் சாஷ் தாராளமாக வைக்கலாம். முழு ஹெச்பியோடு இருக்கும்போது ஒரு தடவை கட்டாயம் காப்பாற்றும், அதில் அதிர்ஷ்டமே இல்லை. ஃபோக்கஸ் பேண்டை யாரும் வைப்பதில்லை. பேர் ஒன்றுபோல இருப்பதால் சின்னப் பிள்ளைகள் மாற்றி வைத்துவிட்டு அழுகிறார்கள் என்பதும் அதைத் தடுக்க ஒரு காரணம். ஸ்கோப் லென்ஸ் கிரிட் வாய்ப்பை 24-இல் ஒன்றிலிருந்து 8-இல் ஒன்றாக ஏற்றும். கிரிட்டை நம்பி டீம் கட்டுவதற்கு நிறைய விட்டுக்கொடுக்க வேண்டும், ஷெல் ஆர்மர் போன்ற திறன்கள் கிரிட்டை அடியோடு மறிக்கும், அதனால் அனுமதி. வைட் லென்ஸைத் தடுக்கச் சொல்லி ஒருவர் வாதாடினார். அது உங்கள் சொந்தக் குறியைப் பத்தில் ஒரு பங்கு கூட்டுகிறது, 70 இருந்தால் 77. அதிர்ஷ்டத்தைக் குறைக்கிற ஐட்டம் அது. அதைத் தடுத்து என்ன செய்ய?

டபுள் டீம், ஃபிஷர் மாதிரி மூவ்கள்?

தடை. டபுள் டீமை ஆறு தடவை போட்டால் எதிராளியின் 100 சதவீத அடி மூன்றில் ஒரு தடவைதான் படும். ஆட்டம் அரை மணி நேரம் இழுக்கும், மண்டபத்துக்காரர் சாவியைக் காட்டுவார். ஃபிஷர், கில்லட்டின் போன்ற ஒரே அடியில் சாய்ப்பவை 30 சதவீதம், அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அதிகாரபூர்வமான உலகப் போட்டியிலேயே பிரைட் பவுடருக்குத் தடை இல்லையே. நீங்கள் என்ன அதைவிடப் பெரியவர்களா?

இல்லை. விஜிசி என்கிற அந்த அதிகாரபூர்வப் போட்டிகளில் இந்த ஐட்டங்கள் செல்லும். ஒரே டீமில் இரண்டு போக்கிமான் ஒரே ஐட்டத்தை வைக்கக் கூடாது என்பதுதான் அங்கே ஐட்டத்துக்கான முக்கியக் கட்டுப்பாடு. ஆனால் அது வேறு ஆட்டம். டபுள்ஸ் (ஒரு நேரத்தில் இரண்டுக்கு இரண்டு), ஆறில் நாலைத் தேர்ந்தெடுத்து இறக்குவது, சீக்கிரம் முடிவது. ஒரு கிளாய்ஸ்டர் மிரட்டினாலும் பக்கத்தில் நிற்கும் இன்னொரு போக்கிமான் திருப்பி அடிக்கும், புரொடெக்ட் போட்டு ஒரு டர்னைத் தள்ளலாம். சிங்கிள்ஸில் துணைக்கு ஆள் கிடையாது. தவிர, தயாரிப்பாளர்கள் தாங்கள் செய்த ஆட்டத்தை அப்படியே நடத்துகிறார்கள், ஸ்மோகன் 2004 முதல் ஆடுகிறவர்களே கூடி விதி எழுதும் இடம். இரண்டும் செல்லும். எந்த விதியில் ஆடுகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

அதிர்ஷ்டமும் இல்லேன்னா புதுசா வர்றவங்க எப்பத்தான் ஜெயிக்கறதுங்ணா?

நல்ல கேள்வி. போன ஓணம் விடுமுறையில் ஒரு தம்பி கேட்டது. இதற்கு இரண்டு பதில் உண்டு.

ஒன்று, அதிர்ஷ்ட ஐட்டம் புதியவர்களுக்கு உதவும் என்பது தோற்றம் மட்டுமே. மேலே சொன்ன கார்சாம்ப் விளையாட்டைப் பாருங்கள்: மணற்புயல், சப்ஸ்டிட்யூட், சரியான நேரத்தில் வாள் நடனம். அதை ஒழுங்காக ஆடத் தெரிந்தவர் ஏற்கெனவே கைதேர்ந்தவர். தடை இல்லாவிட்டால் புதியவரை நசுக்க அவருக்கு இன்னோர் ஆயுதம்தான் கிடைக்கும். புதியவர் பிரைட் பவுடரைச் சும்மா மாட்டிவிட்டு, லெஃப்ட்ஓவர்ஸ் இல்லாமல் சீக்கிரம் சாவார்.

இரண்டாவது, தோற்ற ஆட்டத்தின் பதிவைத் திரும்பப் பார்க்கும்போது "இந்த டர்னில் மாற்றியிருக்க வேண்டும்" என்று விரல் வைக்க ஓர் இடம் வேண்டும். புதியவருக்கு அதுதான் பள்ளிக்கூடம். தோல்விக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஐட்டமாக இருந்தால் அங்கே படிக்க ஒன்றும் இல்லை.

மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தவருக்கே வெற்றி என்று மூன்றுக்கு இரண்டு வைத்தால் அதிர்ஷ்டம் தானாகக் கழிந்துவிடாதா? பிறகு தடை எதற்கு?

கழியும், நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒரே ஆட்டத்தில் 60 சதவீத வாய்ப்பு உள்ள நல்ல ஆட்டக்காரருக்கு மூன்றுக்கு இரண்டில் 65 சதவீதம்தான் ஆகிறது. ஐந்துக்கு மூன்று ஆடினாலும் 68. நாங்கள் அரையிறுதியிலிருந்து மூன்றுக்கு இரண்டு வைக்கிறோம், முதல் சுற்றிலேயே வைத்தால் பொள்ளாச்சிக்காரர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிடுவார்கள். ஆட்ட எண்ணிக்கையைக் கூட்ட முடியாத சின்னப் போட்டிக்குத்தான் தடை அதிகம் தேவை.

ஷோடவுனில் இதை எப்படி அமைப்பது?

ஓயூவில் ஏற்கெனவே தடையில் இருப்பவற்றை டீமில் வைத்தால் ஷோடவுனே ஆட்டத்துக்குள் விடாது. எங்கள் கூடுதல் தடைகளுக்கு, சவால் விடும் கட்டளையில் ஆட்டப் பிரிவின் பெயருக்குப் பின்னால் @@@ போட்டு, கழித்தல் குறியோடு ஐட்டத்தின் பெயரை எழுதுங்கள். இரண்டு ஐட்டம் என்றால் நடுவே காற்புள்ளி. போனில் உலாவியிலேயே ஆடலாம், நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவி வாங்க வேண்டியதில்லை.

ஆட்டத்துக்கு நடுவே நெட் போனால்?

எல்லையில் உட்கார்ந்து ஆடுகிறோம். ஜன்னல் பக்கம் சாய்ந்தால் தமிழ்நாட்டு டவர், சுவர் பக்கம் சாய்ந்தால் கேரள டவர், வரவேற்புக் குறுஞ்செய்திகளுக்குக் குறைவில்லை. சிக்னல் போனால் பத்து நிமிடம் காத்திருப்போம். டைமரை எதிராளி போடக் கூடாது, நடுவர்தான் போடுவார். டவரால் கிடைக்கும் வெற்றியும் பிரைட் பவுடர் வெற்றிதான்.

லாட்டரி விற்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அதிர்ஷ்டத்துக்குத் தடையா? பரிசுப் பணம் உண்டா?

கேரள அரசு 1967 முதல் லாட்டரி நடத்துகிறது. தமிழ்நாடு 2003-இல் நிறுத்தியது. அதனால் எல்லையோரக் கோபாலபுரம் பக்கம் எங்கள் ஆட்களைவிட டிக்கெட் வாங்க வருகிறவர்கள்தான் அதிகம். அதை நாங்கள் தடுக்கவில்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை, பணப் பரிசும் இல்லை, பந்தயம் கட்டினால் வெளியே அனுப்புவோம். திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்பது பணம் வந்தவுடன் சட்டக் கேள்வியாகிவிடும். ஆந்திரப் பிரதேச அரசு ஒரு தரப்பாக இருந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று சொன்னது. அதன் பிறகும் வழக்குகள் ஓயவில்லை. 2025-இல் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டைத் (இ-ஸ்போர்ட்ஸ்) தனியாகப் பிரித்துச் சட்டமும் போட்டுவிட்டது. எங்களுக்கு அந்தத் தலைவலி வேண்டாம். ஜெயித்தவருக்கு ஒரு புத்தகம், ஒரு டீ.

கிரிட் விழுந்துதான் தோற்றேன். மறு ஆட்டம் கேட்கலாமா?

முடியாது. தடைப் பட்டியலில் உள்ள ஐட்டத்தால் தோற்றிருந்தால் மட்டும் கேட்கலாம். அதற்கு ஆட்டப் பதிவைச் சேமித்து, அடுத்த சுற்று தொடங்கும் முன் நடுவரிடம் காட்ட வேண்டும். கிரிட், மிஸ், பனியில் உறைதல் எல்லாவற்றுக்கும் அனுதாபம் உண்டு, மறு ஆட்டம் கிடையாது.